இருபது நொடி இருட்டு

நேற்று மாலை மழையோடு குண்டசாலை முழுவதும் மின்சாரம் போய்விட்டது. மெழுகுதிரி தேடி அலுமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டபோது உங்கள் சின்ன டோர்ச் அகப்பட்டது. இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க அதன் கண்ணாடியில் நீங்கள் ஒட்டிய சிவப்புத் தாள் இன்னும் உரியவில்லை. அழுத்தினேன். சுவர் சிவந்தது. வீட்டுக்குள்தான் நிற்கிறேன், கதவு பூட்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கல்யாணமாகிச் சில வருடங்களில் உங்களுக்கு மாலையில் படி தெரியாமல் போனது. விழித்திரையில் நோய் என்றார் வைத்தியர். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது. வேறு யாராக இருந்தாலும் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் அடங்கியிருப்பார்கள். நீங்கள் கமரா வாங்கி வந்தீர்கள். “சின்னனில யாழ்ப்பாணத்தில பாத்த வானத்தை ஒருக்காத் திரும்பப் பாக்கவேணும். என்ர கண் சேர்க்காத வெளிச்சத்தை இது சேர்த்துத் தரும்” என்றீர்கள்.

வீட்டு மொட்டைமாடியில் முயன்றோம். தெருவிளக்குகள் படத்தைத் தின்றுவிட்டன. கடுகண்ணாவைப் பக்கம் போனோம். அங்கே பெருந்தெரு வாகனங்களின் வெளிச்சம் விடவில்லை. கடைசியில் நீங்கள் சொன்ன இடம் ஹுன்னஸ்கிரிய. நான் அந்த மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதில், பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவைக் கொழுந்து பறிக்கிற மலையில் சிறுத்தை அடித்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் தோளில் இருந்த தழும்பைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். “அங்க வேணாங்க” என்றேன். “இந்த வருசம் விட்டால் பிறகு கமராத் திரையும் எனக்குத் தெரியாது” என்றீர்கள். மறுநாள் டோர்ச்சுகளுக்கு நானே பற்றரி வாங்கி வந்தேன்.

நாங்கள் போனது, பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து கண்டி ஓய்ந்திருந்த அமாவாசையில். எங்கள் தெருவில் வண்டி ஓட்டும் நிசாம் நானா தன் முச்சக்கரவண்டியில் எங்களை ஏற்றிப்போய், தோட்டத்து ரோட்டுத் திருப்பத்தில் இறக்கிவிட்டு அங்கேயே காத்திருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே தேயிலைக்கு நடுவே ஏறி, பாறைமேட்டில் கமராவின் முக்காலியை நிறுத்தினோம். பிறகு இருட்டியது. உங்களுக்கு என் முகமும் மறைந்துபோனது. நான் உங்கள் கண்ணாக இருக்க வேண்டியிருந்தது.

முதல் படத்துக்குக் கமராவின் கண்ணை முப்பது நொடி திறந்து வைத்தோம். “வெள்ளி புள்ளியா நிக்குதோ, வால் இழுக்குதோ?” என்று கேட்டீர்கள். அந்த நேரத்துக்குள் வானம் நகர்ந்து, நட்சத்திரங்கள் வால் இழுத்திருந்தன. மேற்கே கண்டியின் வெளிச்சம் படத்தின் பாதியைச் செம்மஞ்சளாக எரித்திருந்தது. கமராவைத் தெற்கே திருப்பச் சொன்னீர்கள், இருபது நொடிக்குக் குறைக்கச் சொன்னீர்கள். இரண்டாவது படத்தில் நட்சத்திரங்கள் நின்றன. “நல்லா வந்திருக்கு, வெளிச்சமா இருக்கு” என்றேன் சந்தோஷமாக.

“திரையை நம்பாதையும். இருட்டில நிண்டு பாத்தால் எல்லாம் வெளிச்சமாத்தான் தெரியும். பக்கத்தில வெளிச்சத்தின்ர அளவைக் காட்டுற வரைபடத்தைப் பாரும்.”

பார்த்தேன். வரைபடத்துக் கோட்டின் மேடு முழுவதும், இருட்டைக் காட்டும் இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. அப்படியென்றால் படம் கருத்துப்போயிருக்கிறது. இதற்கு மேல் நேரத்தைக் கூட்டினால் மறுபடி வால் இழுக்கும். கமராவின் உணர்திறனைக் கூட்டினோம். மூன்றாவது படத்துக்குப் பொத்தானை அழுத்திவிட்டு டோர்ச்சை அணைத்தேன்.

அப்போதுதான் கீழே லயத்து நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன என்று உணர்ந்தேன். அடுத்து அந்தச் சத்தம். யாரோ காய்ந்த மரத்தை ஈர்வாளால் இழுத்து இழுத்து அறுப்பதுபோல. அது எங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த தேயிலைக்குள்ளிருந்து வந்தது.

“என்னது?” என்றீர்கள். சிவப்பு டோர்ச் என் காலடியில் விழுந்தது. பையிலிருந்த பெரிய டோர்ச்சை எடுத்து அடித்தேன். கீழ் வரிசையில் இரண்டு கண்கள் பச்சையாக எரிந்தன. அவை அசையவில்லை. “புலிங்க” என்று முனகினேன். லயத்தில் நாங்கள் சிறுத்தையை அப்படித்தான் சொல்வோம்.

“ஓடாதையும். வெளிச்சத்தை எடுக்காதையும். சத்தமாக் கதையும்” என்றீர்கள், கண்கள் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல். என்ன கதைப்பது? வீட்டில் முடிந்துபோன சீனியை, கிணற்றுக் கயிற்றை, வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். நீங்களும் கத்தினீர்கள். கண்கள் ஒருமுறை தாழ்ந்தன. பிறகு செடிகள் பள்ளத்தை நோக்கி அசைந்துகொண்டே போயின. நெடுநேரம் கழித்துத் தூரத்தில் நாய்கள் குரைத்தன.

“வாங்க, போயிடலாம்” என்று உங்கள் கையை இழுத்தேன். நீங்கள் வரவில்லை.

“இன்னும் ஒண்டு” என்றீர்கள். “நான் இன்னும் ஒண்டும் பாக்கேல்லை.”

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. மூன்றாவது படம் என் டோர்ச் வெளிச்சத்தில் வெறும் வெள்ளையாகியிருந்தது. பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு, அந்த டோர்ச்சை நானே அணைக்க வேண்டும். அணைத்தேன். அந்த இருபது நொடியைப்போல நீண்ட எதையும் நான் வாழ்ந்ததில்லை. காற்றில் அசைந்த ஒவ்வொரு இலையும் அதுவாக இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடுவது காற்றா, வேறெதுவுமா என்று திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை. நீங்கள் என் பக்கத்தில் கல்லாக நின்றீர்கள். இந்த மனிதருக்குப் பயமே இல்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

படம் வந்தது. வரைபடத்து மேடு சுவரை விட்டு நகர்ந்து நடுவுக்கு வந்திருந்தது. திரையை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, மிச்சமிருந்த சின்னப் பார்வைக்குள் வானத்தை மூலை மூலையாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தீர்கள். பால்வீதி தேயிலை மலைக்கு மேல் புகைபோல் எழும்பியிருந்தது. “இவ்வளவும் எங்கட தலைக்கு மேலயோ இருந்தது?” என்றீர்கள்.

விழுந்த சிவப்பு டோர்ச்சைப் பொறுக்கி, உங்களைப் பிடித்துக்கொண்டு, கத்திக் கதைத்தபடியே இறங்கினேன். “என்ன மிஸ், முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?” என்று நிசாம் நானா கேட்டதும்தான் கத்துவதை நிறுத்தினேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தச் சின்னப் பார்வையும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உங்கள் இதயம். ஆஸ்பத்திரி வார்டில் ஒருநாள், யாரும் கேட்காமலே சொன்னீர்கள்: “அண்டைக்கு மலையில உம்மைவிட எனக்குத்தான் பயம். உமக்காவது அது எங்க நிக்குதெண்டு தெரிஞ்சது. எனக்கு எல்லாப் பக்கமும் அதுதான் நிண்டது.”

இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீர் டோர்ச்சை அணைச்சிருப்பீரோ?” என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. இந்த வீட்டில் இரவுகள் எனக்குப் பயம்தான், தனிமை அதைவிடப் பயம். ஆனால் எல்லாப் பக்கமும் அதுவே நிற்கிறது என்று தெரிந்தும், பார்க்க வேண்டியதைப் பார்க்கும்வரை ஒருவர் என் பக்கத்தில் நின்றார். அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கிறேன்.