நாற்காலி இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி

அன்புள்ள பேத்திக்கு, பாட்டி எழுதிக்கொள்வது. எனக்குக் கை, கால், கண், காது எல்லாம் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, இருமல்கூட இல்லை, மாடிப்படியைக் கம்பி பிடிக்காமல் ஏறுகிறேன். இதை முதல் வரியிலேயே அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு, கீழே வரும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடாமல் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமை. உன் சித்தப்பாவின் மூத்தவன் கப்பலில் இன்ஜினியர் ஆகிவிட்டான், வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாகப் படம் அனுப்பியிருக்கிறான், சின்ன வயதில் குளிக்கப் பயந்து அலறியவன் இன்று கடலிலேயே குடியிருக்கிறான். அவன் தங்கை பல் டாக்டர், அவள் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் எதிர்த்துப் பேச முடியாது, அவள் குணத்துக்கு வாய்த்த வேலை. கடைக்குட்டி, மந்தம் என்று கூப்பிடுவோமே, அவன்கூட லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான், அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க முடியாமல்தான் அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்று பேச்சு. நம் பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இவர்கள் படமெல்லாம் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குவது உனக்குத் தெரியும். வரிசையில் கடைசிப் படம் உன்னுடையது. மற்றவர்களுக்குக் கேட்ட இடத்தில் இடம் கிடைத்தது, உனக்குத் தொழிற்கல்லூரிதான் கிடைத்தது. ரொட்டி வாங்க வந்த தையல்கார அம்மாள் "அது காலேஜா, டைப் கிளாஸா?" என்று கேட்டபோது, "கணக்கியலும் நிதி மேலாண்மையும்" என்று மூச்சு விடாமல் சொல்லி அவள் வாயை அடைத்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நாக்கில் அந்தச் சொல் புரள நான் எவ்வளவு பழகியிருப்பேன் என்று நினைத்துப் பார். உன் ப்ராஜெக்டுக்குத்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்று நீ எழுதியபோது, அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பன் கொடுக்கச் சொன்னதும் நான்தான். பெருமை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இருப்பதால்தான் உன்னைத் திட்ட வாய் கூசவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா உன்னைத் திரும்பக் கூப்பிடப் போகிறான். அடுத்த தவணைக்குக் கட்டணம் கட்டமாட்டான், கல்லாவில் உட்கார அவனுக்கு ஆள் இல்லை. பாட்டி படுத்துவிட்டாள், கடைசியாக முகத்தைப் பார்க்க வா என்று விடுதிக்கு ஃபோன் பண்ணுவான். நம்பாதே. நான் படுத்தால் என் கைப்பட எழுதுகிறேன், அதுவரை நான் நிற்கிறேன் என்றே எண்ணிக்கொள். நீ வந்தால் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கல்லாச் சாவி உன் கைக்கு வந்துவிடும், படிப்பு அன்றோடு சரி. உன் அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. புருஷன் வேண்டாமென்று அவள் திரும்பி வந்த அன்று உன் அப்பா "கொஞ்ச நேரம் கல்லாவப் பாத்துக்கம்மா" என்றான், அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது.

அத்தை ஏன் உன் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். தெரியாமல் கேட்கிறாயா, தெரிந்தும் கேட்கிறாயா? ப்ராஜெக்டுக்கு நம் கடையையே எடுத்துக்கொண்டாய். குடும்பத்து ஆள் சும்மா செய்கிற வேலைக்கும், அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன சம்பளமோ அதைப் போட்டுப் பார்த்தால்தான் கடையின் நிஜமான லாபம் தெரியும் என்று உங்கள் வாத்தியார் சொன்னாராம். ஞாயமான பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். நீயும் ஆளாளுக்குச் சம்பளம் போட்டாய், நகல் எடுத்து எங்களுக்கும் அனுப்பினாய். கடை ஷட்டரை இறக்கிய பிறகு "நம்ம புள்ள எழுதினது, எல்லாரும் கேளுங்க" என்று உன் அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அத்தை ட்ரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவன் சம்பளம், "பாத்தீங்களாம்மா, எனக்கு மானேஜர் சம்பளம் போட்டிருக்கா" என்று மீசையைத் தடவிக்கொண்டான். அடுத்தது அத்தையுடையது. அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு "இன்னொரு தரம் படிங்க அண்ணே" என்றாள். படித்தான். "மாசத்துக்கா?" என்றாள். "அட, இது கணக்குக்காகப் போட்டது, நிஜமில்ல" என்றான். "அப்ப உங்களுக்குப் போட்டது மட்டும் நிஜமா?" என்றாள். அவன் தாளை மடிக்கப் பார்த்தான். "புள்ளைய வளத்ததுக்கு என்ன போட்டிருக்கா? அதையும் படிச்சிருங்க" என்று கேட்டாள். அவன் நிஜமாகவே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினான். இல்லை. உன் அம்மா போன பிறகு உன்னைக் குளிப்பாட்டித் தலை பின்னியவள், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தவள், கல்லாவில் உட்கார்ந்தபடியே உன் தொட்டில் கயிற்றைக் கால் விரலில் கட்டி ஆட்டியவள் அவள்தான். அது கடை வேலை இல்லை பாட்டி, அறிக்கையில் வராது என்பாய். உங்கள் பாடத்தின்படி சரியாகத்தான் இருக்கும், மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாயே. அத்தை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து உன் கடிதம் வந்தால் முகவரியை மட்டும் பார்த்துவிட்டு என் மடியில் போட்டுவிடுகிறாள்.

அவள் போன பிறகும் இவன் படிப்பதை நிறுத்தவில்லை. என் பெயருக்கு நேரே சம்பளமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் கோடு. "அம்மாவுக்குக் கோடு!" என்று சிரித்தான். அதைக்கூட நான் விழுங்கிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் நீ ஆலோசனை எழுதியிருந்தாயே, வாசலருகே ஒரு நாற்காலி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலமாரி ஒன்று வைத்தால் விற்பனை கூடும் என்று. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பது என்று உங்கள் வாத்தியாருக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? அந்த நாற்காலியின் கையில் உட்கார்ந்துதானே வாய்ப்பாடு ஒப்பித்தாய்? அடுத்த வாரமே அலமாரி வந்துவிட்டது, விற்பனையும் கூடியது, பொய் சொல்லக்கூடாது, நீ சொன்னபடியே கூடியது. என்னைக் கொண்டுபோய்ச் சரக்கறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தான். மூட்டைக்கு ஈரம் ஏறாமல் இருக்க அடியில் பலகை போட்டிருந்தது, என் காலுக்கு அதுவும் இல்லை.

அறிக்கையைப் படித்த மறுநாளே அத்தை அண்ணனிடம் போய், நடந்ததெல்லாம் போகட்டும், வருகிற மாதத்திலிருந்து புள்ள எழுதிய சம்பளத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள். சண்டை போடாமல் கேட்டாள். அவன் "குடுக்கிறேன்" என்று தலையாட்டிவிட்டு மாதக் கடைசியில் ஒரு தாளை நீட்டினான். உன் அறிக்கையைப் பார்த்துப் பழகிய கை அல்லவா, கட்டம் எல்லாம் நேராகப் போட்டிருந்தான். அவள் படுக்கும் அறைக்கு வாடகை, குடித்த டீ, எரித்த விளக்கு, விற்காமல் மீந்து மறுநாள் அவள் தின்ற ரொட்டி, எல்லாம் கழித்து மீதி ஒன்றும் இல்லை என்று அடியில் இரட்டைக் கோடு. "நேத்து ரொட்டிக்கு இன்னைக்கு வெலையா அண்ணே?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். காக்காய்க்குப் போடும் ரொட்டியடி அது, அதற்குப் புது ரொட்டியின் விலையைப் போட்டிருந்தான் என் வயிற்றில் பிறந்தவன். பழைய சரக்கைப் புது விலைக்கு எழுதலாமா என்று உங்கள் கல்லூரியில் கேட்டுச் சொல், தெரிந்துகொள்கிறேன்.

எதிர்க்கடை மாஸ்டரை உனக்கு நினைவிருக்கும், நம் அடுப்பில் வேலை செய்து, உன் அப்பாவோடு முட்டிக்கொண்டு வெளியே போய், வீம்புக்கென்றே சாலைக்கு அந்தப் பக்கம் கடை திறந்தவர். அத்தை சாலையைக் கடந்து அவரிடம் போய் நீ போட்ட தொகையைச் சொன்னாள். "கணக்கு சரியாத்தான் போட்டிருக்கா உங்க புள்ள. கூடவும் தரமாட்டேன், கொறைக்கவும் மாட்டேன், நாளைக்கே வாங்க" என்றாராம். ஒரு பெட்டியோடு அவள் கிளம்பினாள். நான் என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். "நீங்க எங்கம்மா போறீங்க, நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றான் உன் அப்பா. "கோடு கெளம்பிப் போவுது, உனக்கென்னடா நஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நாங்கள் இருவரும் எதிர்க்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறோம், அதனால்தான் உறையின் பின்னால் வேறு முகவரி. நான் கேக் வைக்கும் அட்டைப் பெட்டிகளை மடித்துக் கொடுக்கிறேன், மடித்ததற்குக் கூலி உண்டு, சனிக்கிழமை தோறும் மாஸ்டர் என் கையிலேயே தருகிறார். ஜன்னல் நம் கடையைப் பார்த்தாற்போல் இருக்கிறது, வேலை செய்துகொண்டே எல்லாம் பார்க்கலாம். உன் அப்பாவே கல்லாவில் நிற்கிறான். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறான், கேட்டவர்களிடம் எரிந்து விழுகிறான், பொட்டலம் கட்டினால் பாதித் தெருவில் அவிழ்ந்துவிடுகிறது. தையல்கார அம்மாள் நேற்று அவிழ்ந்த பொட்டலத்தை அவன் முன்னாலேயே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து அத்தையிடம் வாங்கிக்கொண்டு போனாள். பெற்றவள் இதைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று நீ நினைப்பாய். சிரித்தேன், மடித்துக்கொண்டிருந்த பெட்டி கை நழுவிக் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தேன். உன் அலமாரி மட்டும் நன்றாக மின்னுகிறது. உள்ளே கேக் காய்ந்துகொண்டிருக்கிறது.

அத்தைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. முதல் விடுமுறையன்று குளித்து, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள், இந்த வயதில் அவளுக்கு லீவு எடுக்கவே தெரியவில்லை. இப்போது தேறிவிட்டாள், குதிகால் நோகாத செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறாள். உன் கட்டணத்தை அவள் கட்டுவாள் என்று கணக்குப் போடாதே. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "சும்மா குடுத்த காலமெல்லாம் போச்சும்மா" என்றாள். என் அட்டைப் பெட்டிக் காசையும் எதிர்பார்க்காதே, நான் மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். நீ படித்த படிப்பு சோறு போடும் படிப்பு என்றுதானே அந்தக் கல்லூரி விளம்பரம் செய்தது, போடட்டும். வகுப்பு முடிந்ததும் ஏதாவது கடையில் போய் வரவு செலவு எழுது, அதை வைத்துக் கட்டணத்தைக் கட்டு. கை வலித்தாலும் எழுது, அழுதுகொண்டாவது எழுது, இங்கே வந்து கல்லாவில் மட்டும் உட்காராதே. அந்தக் கடையிலும் யாருக்காவது ஆலோசனை சொல்லத் தோன்றினால், வாசலில் நாற்காலி இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாயைத் திற.

பல்லை நன்றாகத் துலக்கு, நம் பல் டாக்டர் சொந்தக்காரர்களிடம் இரட்டிப்பாக வாங்குகிறாள். நீ நல்லபடியாகப் படித்து முடித்து, எவனுக்கும் சம்பளம் இல்லாமல் ஒரு வேளைகூட உழைக்காதவளாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம். உன் அப்பா ஃபோன் பண்ணினால் முதல் வரியை நினைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. கிளம்பிய அன்று அத்தை சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினாள். உன் அப்பா அதைக் கையிலிருந்து பிடுங்கி, "சட்டம் கடைக் காசுல போட்டது, அவளே சொத்துப் பட்டியல்ல எழுதியிருக்கா பாரு" என்று பக்கத்தைக் காட்டினான். பார்த்தேன், மேஜை, தராசு, மின்விசிறிக்குக் கீழே சுவர்ப் படச் சட்டங்கள் என்று உன் எழுத்தில்தான் இருந்தது. அத்தை அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டாள். இந்த அறையில் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு ஆணி மட்டும் புதிதாக அடித்திருக்கிறது, நாங்கள் வந்த மறுநாளே இருந்தது, என் கைக்கு எட்டாத உயரம், அதனால் நான் அடிக்கவில்லை என்று நீயே தெரிந்துகொள்ளலாம். ஏன் அடித்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படம் வேண்டும் என்று அவள் கேட்கவும் மாட்டாள், நான்தான் கேட்கிறேன். முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்து, சட்டம் போடாமல், உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கு உடனே தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பட்டியலில் கோடாக இருந்த
பாட்டி