டிரங்குப் பெட்டியில் இருக்கும் காமிக்ஸ்

குடியாத்தம்,
ஆகஸ்ட் 1986

பூரணியின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் சுகம். மெட்ராஸ் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று லோகநாதன் வீடு தேடி வந்தார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரும் காமிக்ஸ் கட்டை அப்படியே வாங்கிப் பதுக்கி, பிறகு மூன்று மடங்கு விலைக்கு விற்பாரே, அவர்தான். அவர் கைக்கு ஒரு புத்தகமும் போகக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் டிரங்குப் பெட்டியை மொத்தமாகக் கேட்டார். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றேன்.

"அண்ணன்தான் எடுத்துக்கச் சொன்னாரு அண்ணி. போன வாரம் ஆம்பூர்ல பார்த்தனே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஆம்பூரிலிருந்து வரும் பஸ் இன்னும் நம் தெருமுனையில்தான் நிற்கிறது. காப்பி கொடுத்து, பெட்டியைத் திறக்காமலே அவரை அனுப்பிவிட்டேன்.

பூரணி இப்போது எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகங்களைப் படிக்கிறாள். புரியாத இடம் வந்தால், "அப்பா வந்தா கேக்கறேன்" என்று பக்கத்தின் ஓரத்தை மடித்து வைக்கிறாள். காமிக்ஸை மடித்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் நான் தடுக்கவில்லை.

பெட்டி வேண்டுமென்றால், நீங்களே வந்து அவளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பூரணியின் அம்மா