பச்சையாய்த் தெரிந்த கடல்

ரேடியோ திருத்துகிற கடையில் இன்று, முதுகு பெருத்த பழைய கொம்பியூட்டர்த் திரை ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். தூசி சூடாகிற அந்த மணம் வந்ததும் உங்களை நினைத்தேன், மிஸ். வெளிநாட்டில் நீங்கள் காலமான செய்தி போன மாதம்தான் எனக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

சண்டைக் காலத்தில் எங்கள் கடல் நேற்று இருந்தது போல இன்று இருக்காது. எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போனால் சுடுவார்கள் என்று காலையில் நேவியிடமிருந்து தாள் வரும். அதை மீனவர் சங்கக் கந்தோரில் ஒட்டுவார்கள். வாசிக்கத் தெரிந்தவன் வரும்வரை என்னைப் போன்றவர்கள் வாசலில் நிற்போம். நீங்கள் கொம்பியூட்டர் வேலைக்கு வந்த பிறகு அந்தத் தாளைத் திரையில் கடலாக்கினீர்கள். போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. ஈரக்காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டவர்கள் யன்னலடியில் நின்றே பார்த்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினோம்.

பிறகு ஒருநாள் மின்சாரம் கூடி வந்து கொம்பியூட்டர்ப் பெட்டி எரிந்தது. வேறொரு பழைய பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அதிலும் கடல் அதே கடலாய்த்தான் தெரிந்தது.

அந்தக் காலை நான் பிந்தி வந்தேன். திரையில் இலங்கைத்துறைப் பக்கம் சிவப்பு. கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவனிடம் மச்சான் எங்கே என்று கேட்டேன்.

"இலங்கைத்துறைப் பக்கம் போயிட்டான். பச்சை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்."

என் மனைவியின் தம்பி அவன். குடிக்கிறவன் இல்லை, கண்ணில் பழுதும் இல்லை. நான் ஈரக்காலோடே உள்ளே வந்தேன்.

"மிஸ், இது சிவப்பெல்லோ?"

"ஓம், சிவப்புத்தான் அண்ணை. ஏன்?"

நான் சொன்னதும் நீங்கள் திரும்பிச் சங்கத்துக் கிளாக்கரைப் பார்த்தீர்கள். காலையில் இந்தத் திரையில் வேறு ஏதும் வேலை செய்தீர்களா என்று கேட்டீர்கள். ஒரு கடிதம் அடித்தேன் என்றார். திரையில் கிடந்த அதை இப்போது மவுசால் தொடச் சொன்னீர்கள். அவர் கடிதத்தைத் தொட்டார். பக்கத்தில் கிடந்த கடல் முழுக்க நிறம் புரண்டது. சிவப்பு நின்ற இடம் பச்சை.

"நான் கடிதத்தைத் தானே தொட்டனான், கடலையா தொட்டனான்?" என்றார் கிளாக்கர், அழுவாரைப் போல.

அவருக்குப் பதில் சொல்ல நீங்கள் நிற்கவில்லை. பிழையாய்ப் போனவனைச் சுடவேண்டாம் என்று சொல்லக் கால்நடையாக நேவி முகாமுக்குப் போனோம். சென்றிக் காவலரண் தெரிகிற வளைவில் நீங்கள் நின்றீர்கள்.

"நீங்கள் இதில நில்லுங்கோ அண்ணை. உங்களையும் பிடிச்சு வைச்சால் வீட்டுக்கு ஆர் போய்ச் சொல்றது?"

தனியாகப் போனீர்கள். துவக்கோடு நின்றவனிடம் கையால் கடலைக் காட்டிப் பேசினீர்கள். பிறகு உள்ளே கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்தில் அந்தக் கேற்றுக்குள் போகிற ஒரு பெண்ணுக்கு என்னென்ன நடக்கலாம் என்பது அந்த வளைவில் நின்ற எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

வெயில் சாயத் திரும்பி வந்தீர்கள். பின்னால் மச்சான் வந்தான். சுடாமல் பிடித்திருந்தார்கள். அடித்திருந்தார்கள். வள்ளத்தின் இயந்திரம் அவர்களிடமே நின்றுவிட்டது.

மறுநாள் நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பிழை உங்களுடையது என்றீர்கள். எரிந்துபோன பெட்டி ஒரே நேரத்தில் பல நிறப் பட்டியல்களை, எந்த இடம் எந்த நிறம் என்று சொல்கிறவற்றை, வைத்திருக்கக்கூடியது. புதிதாய் வந்தது ஒன்றைத்தான் வைத்திருக்கும். கடிதம் தன் பட்டியலைப் போட்டால் கடலின் பட்டியல் விழுந்துவிடும். கடலைக் கீறுவதற்கு முன் திரையிடமே கேட்பதற்கு வழி இருக்கிறது: எத்தனை பட்டியல் பிடிப்பாய், எதோடு எது மோதும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு வைப்பாயா, மேல் அடுக்கில் எது கண்ணாடி போலக் கீழே உள்ளதைக் காட்டும் என்று. "நான் கேட்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்" என்றீர்கள்.

"கேட்காட்டில் என்ர மனிசியும் ஒண்டும் சொல்லமாட்டாள்" என்றார் ஒரு கிழவர். மச்சான் சட்டையைத் தூக்கினான். "மிஸ், உங்கட பச்சை என்ர முதுகில நீலமாய்க் கிடக்கு, பாருங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் பிந்தி.

அதன்பின் காலையில், கடலைக் கீறுகிற உங்கள் நிரல் முதலில் திரையிடம் கேட்கும். மோதும் என்று பதில் வந்தால் நிறத்தை நம்பாது. மூடிய கடல்மேல் குறுக்குக் கோடுகளைக் கீறும். நிறம் புரண்டாலும் கோடு கோடாகவே நிற்கும். அந்தக் கந்தோர் இருந்தவரைக்கும் அந்தத் திரையைப் பார்த்துப் போன எவனும் பிழையான பக்கம் போகவில்லை.

மச்சானுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். நீங்கள் காலமான செய்தியைச் சொன்னபோது எழும்பி வள்ளத்தடிக்குப் போனான்.

முகாமுக்குள் அவ்வளவு நேரம் என்ன நடந்தது என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. வருகிற வழியிலும் இல்லை, பிறகும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களோ தெரியாது. இப்போது மகனின் வள்ளத்தில் புதிதாய் ஒருவன் ஏறினால் "உனக்கு ஏலுமா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் ஏதும் சொல்ல இருக்குமோ என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.