இடுப்பை ஆட்டக் கற்றவளுக்கு

சம்பங்கி மாலையின் வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நேற்று கம்பெனி சாப்பாட்டு ஹாலில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் உன் படத்துக்கு அந்த மாலையைப் போட்டது யார் தெரியுமா? நம் செக்கிங் சூப்பர்வைசர். கண்ணை வேறு துடைத்துக்கொண்டார்.

நாள் முழுக்க செக்கிங் டேபிள் முன்னால் நின்று பனியன்களைச் சரிபார்த்து உனக்கு இடுப்பு மரத்து வலிக்கும். அதற்கு வழி தேடித்தான் போனில் அந்த எகிப்துக்காரியின் இடுப்பாட்டத்தைக் கண்டுபிடித்தாய். பெருமாநல்லூர் லைன் வீட்டில், உன் அறையில், பார்த்துப் பார்த்து ஆடினோம். எனக்கு இடுப்போடு தோளும் சேர்ந்து ஆடியது.

"ஏம்புள்ள, தோள அசைக்காத. முட்டிய லேசா மடக்கு. ஓவர்லாக் மிஷின் பெடல மிதிக்கிறாப்பல காலை மாத்தி மாத்தி மிதி" என்றாய். மிதித்தேன். இடுப்பு தானாக ஏறி இறங்கியது. "அடியாத்தி!" என்று கத்தியேவிட்டேன்.

பனியன் வேஸ்ட் துணியில் ஜிப் துண்டுகளைத் தைத்து, சலசலவென்று இடுப்பில் கட்டினோம். ஜெர்சித் துணி அல்லவா, பாரம் தாங்காமல் நீண்டு முழங்காலுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் பனியன் கம்பெனியில் இருந்தும் அது நமக்குத் தோன்றவில்லையே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தச் சிரிப்பையும் ஆட்டத்தையும் ஜன்னல் வழியாகப் படம் பிடித்து, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர், நம் லைனிலேயே குடியிருக்கும் இதே சூப்பர்வைசர். மறுநாள் எல்லோர் முன்னாலும், "குடும்பப் பொம்பளைங்க பண்ற காரியமாங்க இது?" என்று கேட்டதும் அவரேதான். நீ அப்புறம் ஆடவே இல்லை. போன வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நேற்று கூட்டத்துக்கு முன்னால் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உங்க சிநேகிதியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. அந்த டான்ஸ் சமாச்சாரம் மட்டும் வேண்டாங்க. செத்தவங்களுக்கு அசிங்கமுங்க."

அசிங்கமாம். தூ! செத்த பிறகும் உன்னை வேறு ஒருத்தியாக ஆக்கப் பார்க்கிறார்களே! என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

"இவ நல்லா ஆடுவா. எனக்கும் சொல்லிக்குடுத்தா. அதைத் திருட்டுத்தனமாப் படம் புடிச்சவருதான் இப்ப மாலை போட்டிருக்காரு" என்றேன்.

அவர் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இன்று காலை என்னை வேறு செக்சனுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றட்டும். புது டேபிள் முன்னால் நின்று, எல்லோரும் பார்க்க, முட்டியை மடக்கி இடுப்பை நன்றாகச் சுழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

சுளிக்கட்டும். எனக்கு இடுப்பு வலிக்கவில்லை.