உங்கப்பா காரும் எலிக் குடித்தனமும்

கோவில்பட்டி
சித்திரை 9

அன்பு மக செல்வமாரிக்கு அம்மா வேலுத்தாய் எழுதுதது. இங்கன நானும் உங்கப்பாவும் நல்ல சொகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளை சக்திகுமாரும் அந்தக் குளிர்ல சளி கிளி பிடிக்காம நல்லா இருக்கணும்னு வெயிலுகந்தம்மனத் தினமும் கும்பிடுதேன். இங்க வெயில் மண்டையப் பொளக்குது, கொஞ்சம் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்ப வழி இருந்தா அனுப்பிருவேன். கையில போன் இருக்கையில இந்த அம்மா எதுக்குக் காயிதம் எழுதுதான்னு நீ யோசிப்ப. போன்ல பேசினா உங்கப்பா ஸ்பீக்கரப் போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்திருக்காவ, அவியளப் பத்தின சங்கதிய அவியள வச்சுக்கிட்டே நான் எப்படிச் சொல்ல? அதான் நம்ம தெரு ஆவுடைத்தாய் மக டொரண்டோவுக்கு வாரான்னு தெரிஞ்சதும் வத்தல் பொடி, கடலைமிட்டாயோட இதையும் குடுத்து விடுதேன்.

போன வாரம் நீ, அம்மா பனி உருகிருச்சேன்னு காரேஜத் திறந்தேன், டயர் மேலயும் அட்டைப்பெட்டி மேலயும் ஒரே எலிப்புழுக்கை, எனக்குப் பயமா இருக்குன்னு அழுகாத குறையாச் சொன்னேல்லா. உடனே உங்கப்பா போனப் பிடுங்கி, ஏட்டி, ஒரு சுண்டெலிக்குப் போயி இப்படிப் பயப்படுதியே, அப்பா சொல்லுதபடி செய், எலி இருந்த எடம் தெரியாதுன்னு அரைமணி நேரம் பாடம் நடத்துனாவளே, அந்தப் பாடத்த அவிய எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாவன்னு உனக்குத் தெரிய வேண்டாமா, கேளு.

மில்லுல ரிட்டயர் ஆன கையோட அவிய வாங்கின வெள்ளைக் கார் உனக்குத் தெரியும், அதுக்குன்னு வீட்டை ஒட்டி ஷட்டர் போட்டு செட்டு கட்டினதும் தெரியும். வாரத்துல ஒருநாள் கதிரேசன் மலை வரைக்கும் ஓட்டுததும், மிச்ச ஆறு நாள் துடைக்கதும்தான் அந்தக் காருக்கு உள்ள வேலை. தையில நம்ம காட்டுல வெளஞ்ச மக்காச்சோளத்த மூடை கட்டிக் கொண்டாந்து, அந்தச் செட்டுக்குள்ளயே காருக்குப் பக்கத்துல அடுக்கிட்டாவ. தீனிய வாசல்ல வச்சா எலி வரத்தான செய்யும், மச்சுக்கு ஏத்துங்கன்னு சொன்னேன். முப்பத்திரண்டு வருசம் மில்லுல மிஷின் பாக்குத பிட்டரா இருந்தவன்கிட்ட எலியப் பத்திப் பேசாதன்னுட்டாவ. மில்லு பிட்டருக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

மாசியில ஆரம்பிச்சிருச்சு. மூடைக்கு அடியில ஓட்டை, தரையெல்லாம் சோளப்பொட்டு. உங்கப்பா போன்ல பாத்து ஒரு மிஷின் வாங்குனாவ, பிளக்குல சொருகினா மனுசன் காதுக்குக் கேக்காத சத்தம் வரும், எலி காதப் பொத்திக்கிட்டு ஓடிரும்னாவ. மறாநாள் பாக்கேன், ஒரு எலி அந்த மிஷின் மேலயே ஏறி உக்காந்து மொகம் கழுவிக்கிட்டிருக்கு. பாச்சை உருண்டை போட்டாவ, அதையும் மூலைக்கு உருட்டித் தள்ளிட்டு சோளத்தத் தின்னுச்சு. பொறியில கருவாடு வச்சாவ, கருவாட்டக் காணோம், பொறி வாயத் திறந்தபடி இருக்கு. விசம் வாங்கப் போறேன்னாவ, அதுக்கு மட்டும் நான் சம்மதிக்கல. பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி கோழி பூராவும் இங்கனதான் மேயுது. ரெண்டு வாரம் எலியக் கண்ணுல காணலைன்ன உடனே உங்கப்பா தோளத் தட்டிக்கிட்டு, பாத்தியா ஓட்டிட்டேன்னாவ. அது எங்க போச்சு, காருக்குள்ள குடி போயிருச்சு.

அந்த சுந்தரேஸ்வரிக்கு அப்ப நெறமாசம். புருசன் சுடலைக்குமாருக்கு மணியாச்சி ஜங்ஷன்ல வேலை. அவன் ஒரு ஆட்டோக்காரர்கிட்டச் சொல்லி வைக்கப் போனப்ப உங்கப்பாதான் தடுத்து, ஆட்டோ எதுக்குலே, வீட்டுப் பக்கத்துல காரு நிக்குது, தாயி நீ ஒரு குரல் குடு, ஆறு நிமிசத்துல ஆஸ்பத்திரியில இருப்பன்னாவ. அந்தப் பிள்ளையளும் நம்பிட்டு. பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை, மத்தியானம் மூணு மணி இருக்கும், சுடலைக்குமார் டூட்டியில, மாமியாக்காரி விளாத்திகுளத்துல வத்தல் காயப்போடப் போயிருக்கா, இவ செவுத்தப் பிடிச்சுக்கிட்டே வந்து அத்தை பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சுன்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பின்சீட்டுல அவள உக்கார வச்சு நானும் ஏறினேன். உங்கப்பா நெத்தியில திருநீறு பூசிட்டு வந்து சாவியத் திருகினாவ. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் டிக். எறங்கி முன்மூடியத் தூக்கிப் பாத்தா, சக்கையாத் துப்பின கரும்பு மாதிரி வயரெல்லாம் கடிபட்டுக் கெடக்கு, இஞ்சினுக்குப் பக்கத்துல மெத்து மெத்துன்னு ஒரு கூடு. கூடு எதுலன்னு கேளு. மில்லுல ரிட்டயர் ஆனப்ப மேடையில வச்சுப் போத்துனாவளே, ஜரிகை வச்ச பொன்னாடை, அழகா இருக்கட்டும்னு பின்சீட்டு மேல விரிச்சு வச்சிருந்தாவல்லா, அதுல.

வேற நாளா இருந்தா நான் தரையில உருண்டு சிரிச்சிருப்பேன். அன்னைக்கு சுந்தரேஸ்வரி என் கைய நெரிச்சுக்கிட்டு, மாமா என்னாச்சு, மாமா ஏன் போகலன்னு கேக்கா, உங்கப்பா ரெண்டு வயரப் பிடிச்சு முறுக்குதாவ, அது துண்டு துண்டா கையோட வருது. நூத்தியெட்டுக்குப் போன் போட்டா வண்டி வர இருபது நிமிசம் ஆகும்னாவ. நான் தெருவுல எறங்கி, யாராவது வாங்களேன்னு கத்தினேன், கூட்டமா எட்டிப் பாத்தாவளே தவிர யாருக்கும் ஒண்ணும் ஓடல. பெறவு காமராசு ஏ காமராசுன்னு பேரச் சொல்லிக் கத்தினேன். தெருமுக்குல ஆட்டோவுக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த மனுசன் சட்டைப் பொத்தான் போடாம வண்டிய எடுத்துட்டு வந்து நின்னாரு. உங்கப்பா அவரு பக்கத்துல பாதி உடம்பு வெளிய தொங்க உக்காந்துக்கிட்டு, காமராசு கையத் தட்டி விட்டுட்டு அவியளே ஹாரன அமுக்குதாவ. போய்ச் சேந்து கால்மணி நேரத்துல பொம்பளப்பிள்ள பெறந்துட்டு. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா நடுரோட்டுலதான்னு நர்சம்மா சொன்னாவ.

சாயங்காலம் சுடலைக்குமார் ஓடி வந்தான். உங்கப்பா பெஞ்சுல இருந்து எந்திரிச்சு அவன் ரெண்டு கையையும் பிடிச்சு, என் வாய்ச்சவடால நம்பி இருந்துட்டியே தம்பி, தப்பு என் மேலன்னாவ. முப்பத்தாறு வருசக் குடித்தனத்துல அந்த வாயில இருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. நானும் ஒண்ணும் கேலி பேசல, அதுக்கும் ஒரு நேரங்காலம் இருக்குல்லா.

மறாநாள் காலையிலேயே ஆரம்பிச்சாவ பாரு வேலைய. மூடையெல்லாம் வெளிய, சோளம் பூரா மூடி போட்ட தகர டிரம்முல. அந்தப் பொன்னாடைக் கூட்டுக்குள்ள கண்ணு திறக்காத குட்டி அஞ்சு, செவசெவன்னு கெடந்துச்சு. விசம் வைக்கணும்னு ஆடுன மனுசன், அத ஒரு தேங்காச் செரட்டையில துணியோட எடுத்து, ஓடைக்கு அங்கிட்டு முள்ளுச்செடி அடியில வச்சிட்டு வந்தாவ. நான் பாத்ததப் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். பெறவு என்னைய செட்டுக்குள்ள விட்டு ஷட்டர இழுத்து மூடிட்டு, வெளிச்சம் எங்கெங்க தெரியுதுன்னு பாரு, வெளிச்சம் வார எடத்துலதான் எலியும் வரும்னாவ. இத மட்டும் நீ அவிய சொன்னபடியே செய், நல்ல யோசனைதான். நம்ம கரிசல் மண்ணு வெயிலுக்கு வெடிச்சு, தரைக்கும் செவுத்துக்கும் நடுவுல வெரல் போற அளவுக்குச் சந்து விட்டிருக்கு. பதினாலு ஓட்டை, அதுல பதினொண்ணு நான் கண்டுபிடிச்சது, போன்ல அவிய சொன்ன கணக்க நம்பாத. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரத் திணிச்சு அதுக்கு மேல சிமெண்டப் பூசணும், வெறும் சிமெண்டுன்னா பல்லு வச்சுச் சொரண்டிரும். தண்ணிக்குழாய் போற ஓட்டைக்குப் பொடிக்கண்ணு கம்பி வலை, ஷட்டருக்கு அடியில ரப்பர்பட்டை. உனக்கும் காரேஜ் கதவுக்கு அடியிலதான் சந்து இருக்கும், குனிஞ்சு பாரு. காரேஜுல நீ குருவிக்குன்னு வாங்கி வச்சிருக்க தீனிய முதல்ல டப்பாவுல போட்டு மூடு, எலிய விருந்துக்குக் கூப்பிட்டுட்டு அது வந்துட்டேன்னு அழக்கூடாது. மாப்பிள்ளைகிட்ட வாரம் ஒருக்கா காரு மூடியத் தூக்கிப் பாக்கச் சொல்லு.

அஞ்சாம் நாள் சுந்தரேஸ்வரிய ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு விட்டாவ. காமராசு ஆட்டோவ வாசல்ல கொண்டாந்து நிறுத்தியாச்சு, அவ ஏறல. மாமா வயரெல்லாம் மாத்திட்டாவளாமே, நான் மாமா காருலதான் வருவேன், போன் போடுங்கன்னுட்டா. உங்கப்பா மூடிய மூணு தடவ தூக்கிப் பாத்துட்டு கெளம்பி வந்தாவ. அவளையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு வரும்போது சைக்கிள்காரன் ரெண்டு பேரு எங்களத் தாண்டிப் போனாவ, அவ்வளவு வேகம். கண்ணத் துடைச்சிக்கிட்டே வந்தாவ, கேட்டா தூசின்னாவ. கார்க் கண்ணாடி நாலும் ஏத்தி விட்டிருந்துச்சு.

எனக்கு ஒரே ஒரு விசாரந்தான் செல்வமாரி. நீங்க அங்கன போயி மூணு வருசமாச்சு, பக்கத்து வீட்ல யாரு இருக்கான்னு கேட்டா, நாய் வச்சிருக்க ஒரு அம்மான்னு சொல்லுத. அங்கனயும் ஒருநாள் காரு கெளம்பாது. அன்னைக்குத் தெருவுல நின்னு கத்துததுக்கு உனக்கு ஒரு பேரு தெரிஞ்சிருக்கணும்லா. இந்தப் பொட்டலத்துல இருக்க கடலைமிட்டாய்ல பாதிய எடுத்துட்டுப் போயி அந்த அம்மா கதவத் தட்டு, பேரு என்னன்னு கேளு. வாயில நுழையாத பேரா இருந்தாலும் பரவாயில்ல, எனக்கு எழுது, நானும் இங்கன சொல்லிப் பழகிக்கிடுதேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு கொறையும் இல்லாம நூறு வருசம் நல்லா இருங்க. தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி.

இப்படிக்கு
உன்னையே நெனச்சுக்கிட்டிருக்க அம்மா
க. வேலுத்தாய்