அவசரத்தில் வெந்த பல்சக்கரம்

ஆடித்தபசு, இரவு.

இன்று உள்ளூர் விடுமுறை. ஆனாலும் விசைத்தறிக்கான பல்சக்கர ஆர்டர் பாக்கி நின்றதால் காலையிலேயே கம்பெனிக்குப் போனேன். இரும்புத் தூளை அச்சில் அழுத்தி எடுத்த சக்கரங்களைப் பெல்ட்டில் வைத்துச் சூளைக்குள் அனுப்புவது என் வேலை. தபசு நின்ற அம்மனுக்குக் கோயிலில் சாமி கொடுக்கும் சாயங்காலக் காட்சிக்குக் கூட்டிப்போவதாக என் மனைவி செல்வியிடம் சொல்லியிருந்தேன். அதனால் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

மதியத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அளவு சரி, நிறமும் சரி. பேக்கிங் பார்க்கும் இசக்கியம்மாள் மட்டும் ஒன்றை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்க வேண்டியது டொக்கென்றது.

"அண்ணாச்சி, உள்ள வேகவே இல்ல. பெல்ட்டை யாரு கூட்டுனா?"

கரண்ட் போய் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. "நான்தாம்மா" என்றேன். சுத்தியலால் ஒரு போடு போட்டேன். பல்லெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓடுகிற தறியில் உதிர்ந்திருந்தால்... வேண்டாம்.

அத்தனையையும் பழைய வேகத்தில் மறுபடி சூளைக்குள் விட்டேன். இந்தத் தடவை தட்டினால் கணீரென்றது. ஆனால் சாயங்காலக் காட்சி போச்சு.

செல்வி பட்டுச்சேலையோடு வீட்டு வாசலில் நின்றாள்.

"எவ்வளவு நேரமா நிக்கே?"

"அம்மனே ஒத்தக்கால்ல நின்னுதான் சாமியப் பாத்தா. எனக்கு ரெண்டு காலு இருக்குல்லா? வாங்க, ராத்திரிக் காட்சி இருக்கு."

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ரத வீதியில் அத்தனை கூட்டம். நான் முண்டியடிக்கவில்லை. அவள் நடைக்கே நடந்தேன்.