ருஷ்ய விதவையை யார் வாசிப்பது

சுருவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிமலன் அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அந்தக் குளிருக்குள் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க ஐயனார் துணை நிற்கட்டும். இது பனங்கட்டிப் பார்சலுக்குள் வைக்க அம்மா எழுதவேண்டிய கடிதம், ஆனால் அவர் ஊரோடு கோபம், பேனையைத் தொடமாட்டாராம். நீயே எழுது, உன்ர பகிடி ஒண்டும் வேண்டாம் என்றார். அது எனக்கு ஏலாது, சரியோ.

வேலணை வாசிகசாலையில் அம்மா ஆட்களோடு சேர்ந்து ருஷ்யக் கதைகள் வாசிப்பது உங்களுக்குத் தெரியும்தானே. அங்கே பனி, இங்கே பனை, மற்றப்படி சண்டையும் சம்பந்தமும் எங்கட ஊர்தான். இப்போது ஆண்டுவிழாவுக்கு ஒரு ருஷ்ய நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாய் வாசிக்கப் போகிறார்கள். அதில் கலியாணம் பேசித் திரிகிற வாய்க்காரத் தரகி ஒருத்தி, அவள்தான் அம்மா. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே பழகுவார். அப்பா செத்தபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதே நாடகத்தில் ஒரு விதவையும் இருக்கிறாள், அவளை வாசிக்க ஒருவருமில்லை. கஜாலினி அக்கா புதுசாய்க் கலியாணம் முடித்தவ, மாமி விடமாட்டாவாம். பிரியவதனி ரீச்சரின்ர அவருக்குப் பிரஷராம், வாயால் சொல்லவே பயமாம். ருஷ்யாவில் செத்த மனுசனுக்கு வேலணையில் துடக்கும் தீட்டும் காக்கிறார்கள்! கடைசியில் எல்லாரும் அம்மாவைப் பார்த்து, சறோஜாக்கா, உங்களுக்கெண்டால் பிரச்சினையில்லைத்தானே என்றுவிட்டார்கள். அம்மா எழும்பி வந்துவிட்டார். வீட்டில்தான் வெடித்தார். புத்தகத்தில வாற பொம்பிளையளுக்கெல்லாம் அழுகினம், பக்கத்துக் கதிரையில இருக்கிறவளைத் தெரியேல்லை, வாசிச்சால் ஆரும் சாகிறேல்லை, சகுனமாம் சகுனம் என்று கிழமை முழுக்கப் பேச்சு.

இன்றைக்கு நானும் கூடப் போனேன். எல்லாருக்கும் முன்னால் எழும்பி, விதவையை நான் வாசிக்கிறேன் என்றேன். அம்மா தரகியாகவே இருக்கட்டும் என்றுதான், சத்தியமாய்ப் பகிடிக்கில்லை. உடனே அம்மா, வாயை மூடு, கலியாணமாகாத குமர்ப்பிள்ளை கதைக்கிற கதையோ இது என்று கத்தினார். சகுனமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் என்று கேட்டேன். அம்மா முகம் வெளுத்துப்போய், விதவையைத் தானே வாசிப்பதாகச் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். தரகியை இனிக் கஜாலினி அக்கா வாசிக்கிறா, நனைந்த பட்டாசு மாதிரி. எனக்கு வாற விசருக்கு யாரைக் கடிக்கலாம் என்று தெரியவில்லை.

கழுத்துக்குச் சால்வை சுற்றட்டாம், அண்ணியோடு கொழுவிச் சண்டை பிடிக்க வேண்டாமாம், பனங்கட்டியை எறும்பு தின்ன விடக்கூடாதாம். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது சேர்ந்திருக்க வேண்டுமாம், அதை அம்மா பக்கத்தில் வந்து நின்று எழுதச் சொன்னார். அடுத்தமுறை போன் எடுக்கும்போது இந்த வயதில் நாடகம் என்னத்துக்கு என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் தரகியை ஒருக்காச் செய்து காட்டுங்கோ அம்மா என்று கேளுங்கள். முழுக்கப் பாடம், கேட்கத்தான் ஆளில்லை.

இப்படிக்கு,
அன்பு அம்மா சறோஜினிதேவி
(கை மட்டும் நிலாந்தினி)